நாற்பத்தோராயிரம் மிளகாய்கள்

முன்னொரு காலத்தில், தம்முடைய நாட்டுத் தேர்த்திருவிழாவை மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மன்னருக்கு, வடம் பிடித்தவர்களின் தலைகளைக் கண்டதும் ஓர் ஐயம் தோன்றியது.

"ஓலைநாயகமே, என் குடிகள் மொத்தம் எத்தனை பேர்?"

அரண்மனை எழுத்தர்கள் அனைவருக்கும் தலைவரான ஓலைநாயகம் விழுப்பரையர் கைகட்டி நின்றார். "எண்ணற்றவர்கள், மன்னர் பெருமானே!"

"எண்ணற்றவர்கள் என்றால் எத்தனை பேர்?"

விழுப்பரையர் நாற்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லை எழுதிவந்தவர். அதற்கு அப்பால் ஒரு கேள்வி உண்டென்று அவர் நினைத்ததில்லை. மறுநாளே அறுபது எழுத்தர்கள் ஏடும் எழுத்தாணியுமாக ஊர்களுக்குப் புறப்பட்டார்கள்.

இரண்டு திங்கள் கழித்து அவர்கள் கொண்டுவந்த ஏடுகளை அவையில் படித்தார்கள். தலைக்கு ஒரு வரி வரப்போகிறது என்று பாதி நாடும், வீட்டுக்கு ஒருவனைப் படைக்குப் பிடிக்கப்போகிறார்கள் என்று மறுபாதியும் நம்பியிருந்தது அந்த ஏடுகளிலிருந்தே தெரிந்தது. அறுபது வீடுகள் கொண்ட ஓர் ஊரில் மொத்தம் நான்கு பேர். நால்வரும் எண்பது வயதைக் கடந்தவர்கள். 'குழந்தைகள் எத்தனை?' என்ற கேள்விக்கு நேராக, 'ஏதோ இருக்கு' என்ற விடை ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. கணவன் பெயரை வாயால் சொல்ல மனைவிமார் இசையாமையால், நாட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பத் தலைவர்களுக்கு 'அவர்' என்று ஒரே பெயர் அமைந்திருந்தது.

இவ்விடத்தில் அவையின் விகடகவியான அம்பலக்கூத்தன் சிரித்துவிட்டான். உரக்கச் சிரிக்கவில்லை, மூக்கு வழியாகத்தான் கொஞ்சம் காற்று வெளியேறியது. ஆனால் விழுப்பரையர் அதைக் கேட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாயிலில் ஊர்ப் பெண்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் இடுப்பில் ஒரு குழந்தையை வைத்திருந்தாள்.

"ராசா, உங்க கணக்கன் வந்து என் பிள்ளைங்கள விரல நீட்டி நீட்டி எண்ணிட்டுப் போனான். அன்னிக்குச் சாயங்காலமே சின்னவனுக்குக் காய்ச்சல். பெத்த பிள்ளையை எவனாச்சும் எண்ணுவானா? கண்ணு பட்டுப்போச்சே!"

மன்னருக்கும் ஏழு பிள்ளைகள். அரசியார் அவர்களை ஒருபோதும் எண்ணியதில்லை, எண்ண விட்டதுமில்லை. ஆகவே மன்னர் அந்தக் கணமே ஆணையிட்டார்: "எனக்குக் குடித்தொகை வேண்டும். ஆனால் இனி எந்த வீட்டிலும் எத்தனை பேர் என்று எவனும் கேட்கக் கூடாது. எவர் தலையையும் நோக்கி விரல் நீட்டக் கூடாது. அடுத்த அமாவாசை கழிந்த நான்காம் நாள் எண்ணிக்கை என் முன் இருக்கவேண்டும்."

விழுப்பரையர் மெல்ல முன்னே வந்தார்.

"பெருமானே, அடியேனின் ஏடுகளைக் கேட்டு நகைத்த அம்பலக்கூத்தருக்கு இக்கலை நன்கு கைவரும் போலிருக்கிறது. இப்பணியை அவருக்கே அருளவேண்டும். அவர் எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தாலும், ஒரு தலை மிகுந்தாலும், அதை அவையில் மெய்ப்பிக்கும் உரிமை அடியேனுக்கு. மெய்ப்பித்தால் அன்று பொழுது சாய்வதற்குள் அவர் குடும்பத்தோடு எல்லையைக் கடக்கவேண்டும்."

"கூத்தா, சம்மதமா?" என்றார் மன்னர்.

சம்மதமில்லை என்று சொல்லும் வழக்கம் அந்த அவையில் இல்லை. அம்பலக்கூத்தன் வணங்கினான். வணங்கிய தலை நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று.

வீட்டில் அவன் மனைவி உமையாளுக்கு எட்டாம் மாதம். எல்லைக்கு அப்பால் மூன்று நாள் நடைக்குக் கல்லும் கள்ளியும்தான். மருத்துவச்சி கிடையாது, நிழல்கூடக் கிடையாது. இதையெல்லாம் அவன் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவை நடப்புகள் அவனுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தன.

"அப்படியே நில்லுங்க," என்றாள் உமையாள், அவன் செருப்பைக் கழற்றுமுன். கையில் ஒரு காய்ந்த மிளகாய் இருந்தது. "சபையே உங்களைத்தான் வெறிச்சுப் பாத்துச்சாமே. அத்தனை கண்ணும் சும்மாவா போகும்?"

அவள் அந்த மிளகாயை அவன் தலையை மூன்று முறை சுற்றித் தனியே வைத்தாள். பிறகு இன்னொரு மிளகாயை எடுத்துத் தன் தலையைச் சுற்றிக்கொண்டாள். மூன்றாவது மிளகாய் ஒன்றை எடுத்து, வயிற்றைப் பார்த்துத் தயங்கினாள்.

"இதுக்குத் தனியா ஒண்ணு சுத்தணுமா?"

"உன்னைச் சுற்றும்போதே அதையும் சுற்றியாயிற்றே," என்றான் அவன், வேறு எதையோ நினைத்தபடி. பிறகு அடுப்பில் போட அவள் கையிலெடுத்த இரண்டு மிளகாய்களையும் பார்த்தான். தன்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மீண்டும் மிளகாய்களைப் பார்த்தான்.

"உமையாள், கண் கழிக்கும்போது வீட்டில் யாரையாவது விடுவதுண்டா?"

"என்ன பேச்சு இது? ஒருத்தரை விட்டா, கழிச்ச கண்ணெல்லாம் அவங்க மேலயே போய் இறங்கிடாதா?"

"இல்லாத ஒருவருக்குச் சுற்றுவதுண்டா?"

"இல்லாத தலையை எப்படிங்க சுத்துறது?"

அம்பலக்கூத்தன் அன்று முதன்முறையாகச் சாப்பாடு கேட்டான்.

மறுநாள் முதல் ஊர்தோறும் பறை அறைந்தார்கள். "எண்ண வந்தவர்களால் குடிகள் மேல் கண் பட்டதாக மன்னர் கேள்விப்பட்டு வருந்துகிறார். பட்ட கண்ணை அரண்மனையே கழிக்கும். அமாவாசையன்று விளக்கு வைக்கும் நேரத்தில் பறை முழங்கும்போது, அவரவர் இருக்கும் வீட்டில், தலைக்கு ஒரு காய்ந்த மிளகாயாகச் சுற்றி, ஓலைக் கொட்டானில் இட்டு, வாய் கட்டித் தலையாரியிடம் கொடுங்கள். அரண்மனை அதை நெருப்பிலிடும். வழிப்போக்கருக்குச் சத்திரத்தார் சுற்றவேண்டும். உப்புச் சேர்க்க வேண்டா."

உப்பு ஏன் கூடாது என்று சில ஊர்களில் வாதம் எழுந்தது. உப்பை எண்ண முடியாது என்பதே காரணம். அதை யாரும் சொல்லவில்லை.

அமாவாசையன்று கொட்டான்களைத் திரட்ட அம்பலக்கூத்தனும் ஒரு தலையாரியோடு கோட்டைப் புறத்துத் தெருக்களில் நடந்தான். படைக்குப் பயந்து பரணில் பதுங்கியிருந்த இளைஞர்களைத் தாய்மார் காதைப் பிடித்து இறக்கிச் சுற்றிவிட்டு, மறுபடி பரணில் ஏற்றினார்கள். செட்டியார் ஒருவர் வாசலில் வழிமறித்தார்.

"தலையாரி, ஒரே மிளகாயை அஞ்சு பேருக்கும் சுத்திக் குடுத்தா ஆகாதா? விளைச்சல் கம்மி."

"தாராளமா சுத்துங்க," என்றான் தலையாரி. "அஞ்சு பேர் மேல இருந்த கண்ணும் அந்த ஒரே மிளகாய்ல ஏறும். அதைக் கடைசியா யாரைச் சுத்துறீங்களோ அவர் பாத்துக்குவார்."

செட்டியார் உள்ளே போய் ஐந்து மிளகாய்களோடு வந்தார். இடையர் ஒருவர் தம் நூற்றிருபது ஆடுகளுக்கும் சேர்த்து ஒரு கூடை மிளகாய் கொண்டுவந்து நின்றார். ஆட்டுக்கு வேப்பிலையே சாத்திரம் என்று அம்பலக்கூத்தன் அங்கேயே ஒரு சாத்திரத்தை உண்டாக்கி, கூடையைத் திருப்பி அனுப்பினான்.

விழுப்பரையருக்கு இவையெல்லாம் கேட்கக் கேட்க இனித்தன. விகடன் எண்ணும் வேலையை விட்டுவிட்டு மந்திரிக்கும் வேலையில் இறங்கிவிட்டான் என்று அவர் தம் எழுத்தர்களிடம் சொன்னார். என்றாலும் அவர் முன்னெச்சரிக்கையானவர். எண்ண வருபவன் கண்ணில் படாதபடி, விருந்துக்கு வந்திருந்த தம் மைத்துனர் எழுவரையும் அமாவாசைக்கு முதல் நாளே நெற்களஞ்சியத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எண்ண ஒருவரும் வரவில்லை. மிளகாய்க் கொட்டானை வாங்கிப்போக மட்டும் தலையாரி வந்தான். மனைவி தம் தலையைச் சுற்றியபோதும், பெண்கள் சமாசாரம் என்று அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான்காம் நாள் அவை கூடியது. மூன்று நாளும் அரண்மனை மடைப்பள்ளிப் பெண்கள் நாற்பது பேர் மிளகாய் எண்ணியிருந்தார்கள். அவர்கள் கண் சிவந்து மூக்கை உறிஞ்சியபடி வரிசையாக வந்ததைக் கண்டு, யாரோ காலமாகிவிட்டாரென்று இரண்டு அமைச்சர்கள் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார்கள்.

"நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினேழு," என்றான் அம்பலக்கூத்தன். "அமாவாசை மாலை விளக்கு வைத்தபோது இந்நாட்டில் இருந்தவர்கள் இவர்கள். அரசே, அடியேன் யாரையும் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. எவர் தலையையும் எண்ணவில்லை. மிளகாயைத்தான் எண்ணினேன்."

மன்னர் புருவத்தை உயர்த்தினார். பொருள் விளங்கியதும் அவர் உதடு துடித்தது. ஆனால் விழுப்பரையர் அதற்குள் எழுந்துவிட்டார். அவர் கையசைக்க, ஏழு ஆடவர்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஏழு பேர் தலையிலும் உமி ஒட்டியிருந்தது.

"பெருமானே, இவர்கள் அடியேனின் மைத்துனர்கள். அமாவாசையன்று என் களஞ்சியத்தில் பூட்டப்பட்டிருந்தார்கள். திறவுகோல் என் இடுப்பில். ஒரு தலையல்ல, ஏழு தலைகள் குறைகின்றன! விகடர் வண்டி பூட்டலாம்."

நாற்பத்தோராயிரம் மிளகாய்களில் அந்த வீட்டு மிளகாய் எத்தனை என்று அம்பலக்கூத்தன் பார்க்கவே இல்லை. கல்லும் கள்ளியுமான அந்த வழி கண்முன் வந்தது. எண்ணியபின் ஒவ்வொரு கொட்டானையும் நெருப்பிலிடுவதற்காகப் பழையபடி கட்டி வைத்திருந்தார்கள். ஓலைநாயகம் வீட்டு முத்திரையிட்ட கொட்டானைக் கொண்டுவரச் சொன்னான்.

"அரசே, ஓலைநாயகம் வீட்டில் எத்தனை பேர் என்று தெரியவேண்டும். ஆனால் அதைக் கேட்க எனக்கு ஆணையில்லை."

"நான் கேட்கிறேன்," என்றார் மன்னர். "எத்தனை பேர், ஓலைநாயகமே?"

"ஏவலர் உட்படப் பத்தொன்பது. இந்த எழுவரையும் சேர்த்தால் இருபத்தாறு."

கொட்டானை அவிழ்த்து, மிளகாய்களை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தான். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. விழுப்பரையர் புன்னகைத்தார். இருபது. புன்னகை அப்படியே நின்றது. இருபத்தொன்று, இருபத்திரண்டு. மைத்துனர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு வந்தபோது அம்பலக்கூத்தன் மூச்சு விட்டான். விட்ட மூச்சு முடியுமுன் கொட்டானின் அடியில் இன்னொன்று கிடப்பதைக் கண்டான்.

இருபத்தேழு.

"மிகுதி!" என்று விழுப்பரையர் கூவினார். "ஒரு தலை மிகுதி! இல்லாத ஒருவன் இந்த எண்ணிக்கையில் இருக்கிறான்! மிகுந்தாலும் எல்லை கடக்கவேண்டும் என்பதே பேச்சு!"

அம்பலக்கூத்தன் இருபத்தேழாம் மிளகாயைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதுவும் மற்றவற்றைப்போலத்தான் இருந்தது. இல்லாத தலையைச் சுற்ற முடியாது என்று உமையாள் சொன்னதைத் தவிர அவனிடம் வேறு சான்று இல்லை.

"இந்த மிளகாய்க்குத் தலை உண்டு, அரசே," என்றான். குரல் அவனுக்கே நம்பிக்கை தருவதாக இல்லை. "சுற்றியவரைக் கேட்கவேண்டும்."

அரசியாரோடு மகளிர் மாடத்தில் விழுப்பரையரின் மனைவி தையல்நாயகி அமர்ந்திருந்தாள். மன்னர் அண்ணாந்து பார்த்தார். அவள் முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, களஞ்சியம் பூட்டியிருந்ததே, இவர்கள் எழுவருக்கும் எப்படிச் சுற்றினாய்?"

"காத்துத் துவாரம் ஒண்ணு இருக்கு, மகாராசா. ஒவ்வொருத்தனா தலையை நீட்டச் சொல்லிச் சுத்தினேன். கூடப் பிறந்தவங்கள விட்டுட்டுக் கண்ணு கழிக்க முடியுமா?"

"இருபத்தேழாவது யாருக்கு?"

தையல்நாயகி கணவரைப் பார்த்தாள், மன்னரைப் பார்த்தாள், பிறகு, இனி மறைத்துப் பயனில்லை என்பதுபோல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க கடைசித் தம்பிக்கு. போன வருசம் அவனுக்கும் இவருக்கும் சதுரங்கத்துல சண்டை. இனி என் வாசல்படி மிதிக்காதேன்னு இவர் சொல்லிட்டார். அவனும் மிதிக்கல. பின்பக்கமா ஏணி வச்சு ஏறி வந்தான். பத்து மாசமா மாடி அறையிலதான் இருக்கான்."

"என் வீட்டு மாடியிலா?" என்றார் விழுப்பரையர்.

"நம்ம வீட்டு மாடியிலதான். நீங்கதான் மூட்டுவலின்னு படியேறுறதில்லையே."

"பத்து மாதமாக அவன் எதை உண்டான்?"

"நீங்க ராத்திரி ரெண்டாவது தடவை கேக்கிறப்ப ரசம் தீந்துபோச்சுன்னு சொல்வேனே. அதைத்தான்."

மைத்துனர் எழுவரில் ஒருவர் இருமினார். அது இருமலாக நிலைக்கவில்லை. மன்னர் வாயைக் கையால் மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின, கையை எடுத்ததும் சிரிப்பு மண்டபத்தின் மறுகோடி வரை போயிற்று. நாற்பது மடைப்பள்ளிப் பெண்களும் சிவந்த கண்களோடு சிரித்தார்கள். மாடத்தில் அரசியார் தையல்நாயகியின் தோளில் சாய்ந்துகொண்டார்.

"ஓலைநாயகமே," என்றார் மன்னர், கண்ணைத் துடைத்தபடி, "நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினேழு பேரில் இல்லாதவர் என்று நீர் காட்டியவர் ஒருவர்தாம். அவரும் உம் வீட்டிலேயே இருக்கிறார்."

பிறகு அவர் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலக்கூத்தனுக்குப் போர்த்தினார். ஆற்றங்கரையில் ஒரு வேலி நன்செய் அவன் பெயருக்கு எழுதப்பட்டது. ஓலையை எழுதும் பொறுப்பு, முறைப்படி, விழுப்பரையருடையது. அவர் அழகிய கையெழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதினார்.

மைத்துனர்கள் எழுவரும் அவருக்காக வாசலில் காத்து நின்றார்கள். விழுப்பரையர் ஏட்டை நீட்டியபோது மன்னர் கேட்டார்:

"இப்போது வீட்டுக்குத்தானே போகிறீர்?"

"ஆம், பெருமானே," என்றார் ஓலைநாயகம். "மாடி ஏறவேண்டியிருக்கிறது."

மன்னருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.