முகம் பார்க்காத தையல்நாயகி

கனகசேன மகாராஜாவின் சபையில் ஓலை எழுத ஒருத்தி வந்தாள் பாருங்கள், தையல்நாயகி என்று, அவள் அரண்மனை உத்தியோகத்தில் இல்லை. எழுதிக் கொடுத்த ஓலைக்கு மட்டும் கூலி. ஆனால் அவள் எழுதினால் அரசாணை மாடு மேய்ப்பவனுக்கும் புரியும்.

அவளிடம் ஒரு வழக்கம். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள். தரையைப் பார்ப்பாள். முகத்தைப் பார்த்தால், புருவமும் மீசையும் ஆடுகிற ஆட்டத்தில் பேச்சு காதில் ஏறாது அவளுக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஓலைகளுக்கெல்லாம் அதிகாரி விடங்கதேவர். அவர் சபையில் கண்ணை மூடினால் ஆழ்ந்த சிந்தனை. இவள் கண்ணைத் தாழ்த்தினால் திமிர்.

"மகாராஜா, இந்தப் பெண்பிள்ளைக்குச் சபை மரியாதை தெரியவில்லை. நாங்கள் தங்கள் திருமுகத்தை விட்டுக் கண்ணை எடுக்கிறோமா? இவள் கவனமே இங்கே இல்லை!" என்றார் அவர்.

ராஜாவுக்கும் உள்ளூர அந்தக் குறை உண்டு. "நாளை முதல் என் முகத்தைப் பார்த்துக் கேள், தையல்நாயகி. முடியாவிட்டால் சபைக்கு வரவேண்டாம்."

அவள் ஓலைக் கட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எழுதிய எழுத்தெல்லாம் இவர்கள் கண்ணில் படவில்லை. தன் கண் மட்டுமா பட்டது?

மறுநாள், ஏரிகளைத் தூர்வாரத் தான் எழுதிய ஆணையை ராஜாவிடம் தனியே கொடுத்தாள். "சபையில் படிக்கும்போது நடுவே வாய்க்கு வந்ததையும் சேர்த்துப் படியுங்கள், மகாராஜா. முகம் மட்டும் மாறக்கூடாது. பிறகு நான் போவதா இருப்பதா, சொல்லுங்கள்."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். சபை கூடியதும் கம்பீரமாகப் படித்தார்.

"கோடைக்குள் ஏரிகள் தூர்வாரப்படும். கரைகள் உயர்த்தப்படும். இன்று முதல் மந்திரிகள் யாவரும் யானைக் கொட்டிலில் உறங்குவார்கள். விடங்கதேவர் பட்டத்து யானையோடு ஒரே பாயில் படுப்பார்."

"ஆஹா! ஆஹா!" தலைகளெல்லாம் ஆடின.

விடங்கதேவர் திருமுகத்தையே பார்த்து உருகினார். "நாடே ஏங்கிக் கிடந்த ஆணை, மகாராஜா! இன்றைக்கே நிறைவேற்ற வேண்டும்!"

ராஜா மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். "நீ என்ன சொல்கிறாய், தையல்நாயகி?"

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஏரி விஷயம் சரி, மகாராஜா. பாய் விஷயத்தில் யானையையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்."

ராஜா கிரீடம் சரியும்படி சிரித்தார். "இன்றிலிருந்து நீ அரண்மனை உத்தியோகத்தில் இருக்கிறாய், அம்மா. தரையைப் பார், கூரையைப் பார், உன் இஷ்டம்!"

சபை மறுபடியும் தலையாட்டியது. விடங்கதேவர் மட்டும் பக்கத்திலிருந்த மந்திரியின் காதோரம் மெல்லக் குனிந்தார்.

"எந்த யானை, ஐயா?"