பச்சோந்தி பார்த்த கோல்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசிக்கொண்டது மட்டுமல்ல, பந்தும் ஆடின. பந்து என்றால் விளாம்பழம். ஆட்டமும் சும்மா பொழுதுபோக்கு இல்லை. கோடையில் காட்டில் மிஞ்சுவது ஒரே குளம். ஜெயித்த கூட்டம்தான் அன்றைக்கு முதலில் தண்ணீர் குடிக்கும். காட்டுப்பன்றிகள் ஜெயித்தால் குடித்ததோடு விடாமல் இறங்கிப் புரளும். அப்புறம் மான்களுக்குச் சேறுதான்.

நடுவர் ஆள்காட்டிப் பறவை. கத்துவதில் கெட்டி, பார்ப்பதில் சுமார். பன்றி ஒன்று பழத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓடியதைக்கூட கோல் என்று கத்திவிட்டது. அன்று சேற்றுத் தண்ணீர் குடித்த மான்குட்டிகள் எழுந்திருக்கவே இல்லை. மான்களின் தலைவி புள்ளியம்மா நேரே பச்சோந்தியிடம் போனது.

"அண்ணே, உங்க கண்ணு ரெண்டும் ரெண்டு பக்கம் பாக்குது. ஆள்காட்டி சொன்னதுக்கு மேல நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. எங்க பிள்ளைங்க இனி தாங்காது."

பச்சோந்திக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எல்லைக்கோட்டருகே வேலமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அது சொல்லும்வரை யாரும் தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது என்று ஏற்பாடு. சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. நல்ல பேர் வந்தது. அது கெட்டுவிடுமோ என்ற பயமும் கூடவே வந்தது.

ஒருநாள் கொளுத்தும் வெயிலில் மான்கள் கடைசிக் கோலை அடித்தன.

"பழம் கோட்டைத் தாண்டவே இல்ல!" என்று உறுமியது பன்றிகளின் தலைவன்.

பச்சோந்தி இறங்கி வந்து பார்த்தது. பழம் தாண்டித்தான் கிடந்தது. முதல் பார்வையிலேயே அதற்குத் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்லத் துணிச்சல் வரவில்லை. ஓரடி முன்னால் வைத்துப் பார்த்தது. பின்னால் வந்து பார்த்தது. மறுபடியும் முன்னால் போனது.

"கோலா இல்லையா அண்ணே?" என்றது புள்ளியம்மா.

"இரும்மா, இன்னொரு தடவை பாத்துடறேன். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாது."

வெயில் உச்சிக்கு ஏறியது. தாகம் பொறுக்காத பன்றிகள், "இவன் பாத்து முடிக்கறதுக்குள்ள குளமே வத்திடும்" என்று தண்ணீரில் பாய்ந்தன. மான்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் குளம் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பச்சோந்தி நிமிர்ந்தது. "கோல்! மான்களுக்குத்தான்! சந்தேகமே இல்ல!"

புள்ளியம்மா திரும்பிப் பார்த்தது. "சரியாத்தான் சொன்னீங்க அண்ணே. இப்ப நாங்க எதைக் குடிக்க?"

பச்சோந்திக்கு அவமானமாகப் போய்விட்டது. மரத்தைப் பார்த்து நடந்தது. அந்த நடையிலும் கால் சட்டென்று முன்னே போகவில்லை.

அன்று முதல்தான் பச்சோந்தி முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒவ்வோர் அடியாக வைக்கிறது. இன்றைக்குக் கால்பந்தில் கோல் அடித்தவர்களும், நடுவர் வீடியோவைப் பார்த்துவிட்டு வரும்வரை, துள்ளத் தூக்கிய காலோடு நிற்கிறார்கள்.