புங்கமரத்துக்குக் கிடைத்த பாராட்டு

பசுமைக் கட்டடம் என்றாலே தான்தான் என்று சொல்லிக்கொள்ளும் ஆர்க்கிடெக்ட் அம்பலவாணன், முழுக்கக் கண்ணாடியில் ஓர் அலுவலகம் கட்டினார்.

"இதுக்கு ஏசியே தேவையில்லைன்னு இன்னைக்கு வர்ற விருதுக் குழு நம்பணும். கண்ணாடியை மறைக்கிற புங்கமரத்தையும் வெட்டிடு" என்று ஜூனியர் செண்பகாவிடம் உறுமினார்.

"சரி சார். மரத்தை மட்டும் நாளைக்கு வெட்டலாம்."

சித்திரை வெயில். குழுவின் முன்னால் அவர் பேச ஆரம்பித்ததும், ரகசியமாக ஓடிக்கொண்டிருந்த ஏசியைச் செண்பகா நிறுத்தினாள். கோட்டுக்குள் தொப்பலாக நனைந்தவர், "ஏசியைப் போடும்மா!" என்று கத்திவிட்டார்.

"தேவையில்லைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

குழு சிரித்துக்கொண்டே எழுந்து புங்க நிழலுக்குப் போனது.

"இந்த மரத்தை வெட்டாம விட்டீங்களே, அதுக்கே உங்களைப் பாராட்டணும்" என்றார் தலைவர்.

அம்பலவாணன் செண்பகாவைப் பார்த்தார். அவள் வாயே திறக்கவில்லை. போட்டுக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.