ஜமீனுக்கும் பெருச்சாளிக்கும் ஒரே தட்டு

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா என் மீசை இப்பவே உதிரட்டும். தொட்டுப் பாரு. இருக்கா? சரி, கேளு.

ஒரு ஊர்ல ஒரு பொரிக்கடை. கடைக்காரன் ஆவுடையப்பன், அவன் பொஞ்சாதி பிரமு. அவ பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த நாய் பேரு ஜமீன். கடைக்குப் பின்னாடி ஒரு வளை, வளைக்குள்ள ஒரு பெருச்சாளி. அது கொட்டாவி விட்டா கடைக் கதவு தானா சாத்திக்கும். ம் சொல்லு.

அதைப் பார்த்து ஜமீன் 'உர்ர்ர்'னு உறுமுச்சு. ஆவுடையப்பனுக்குப் பகீர்னு ஆயிடுச்சு. பிள்ளையார் ஏறிப் போற வாகனமாச்சே, நாய் கடிச்சு வச்சா பாவம் யார் தலையில விழும்? ஒரே தட்டுல தின்னவங்க பகையாளி ஆகமாட்டாங்கன்னு சொல்லுவாங்கள்ல, அதனால ஜமீனோட சோத்துத் தட்டுலயே பெருச்சாளிக்கும் பொரி, வெல்லம் வச்சான். இவனை என்ன செய்ய, நீயே சொல்லு.

அப்புறம் ரெண்டும் ஒரே வெல்லத்துல வாய் வச்சுதுங்க. வெடுக்! ஜமீன் மூக்குல கடி. பிரமு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. டாக்டரம்மா புண்ணைக் கழுவி ஊசி போட்டு, முதல்ல தட்டை எடுங்கன்னாங்க. கூடப் போன ஆவுடையப்பன் மண்டையை ஆட்டினான். எடுத்தானா? ம்ஹும்.

அப்புறம் பக்கத்துக் கடையில எலி மருந்து வச்சாங்க. அதைத் தின்ன சுண்டெலி ஒண்ணு தள்ளாடித் தள்ளாடித் தட்டுக்கு வந்துச்சு. லபக்! ஜமீன் முழுங்கிருச்சு. மூணாம் நாள் ஈறுலேருந்து சொட்டுச் சொட்டுனு ரத்தம். எலிக்கு வச்ச விஷம் எலி வழியா நாய்க்கும் ஏறும், தட்டை எடுங்கன்னு, ரத்தம் நிக்க ஊசி போட்டுக்கிட்டே டாக்டரம்மா கத்தாத குறை. இவன் தட்டை ஒரு முழம் தள்ளி வச்சான். ஒரு முழம்!

அப்போ மழைக்காலம். பெருச்சாளி தட்டுலயே 'சொர்ர்'னு ஒண்ணுக்குப் போச்சு. ஜமீன் அதையும் சேர்த்து நக்குச்சு. பத்து நாள்ல சுருண்டு படுத்துருச்சு, கண்ணு ரெண்டும் மஞ்சக்கிழங்கு. டாக்டரம்மா பார்த்துட்டு, "எலிக்காய்ச்சல். கல்லீரல், கிட்னி ரெண்டையும் பிடிச்சிருச்சு. பிழைக்கறது பாதிக்குப் பாதி"ன்னாங்க. மனுசங்களுக்கும் தொத்தும், கையுறை போடாம ஜமீன் மூத்திரத்தைத் தொடக்கூடாதுன்னும் சொன்னாங்க. அப்பவும் இந்த மனுசன், பிள்ளையார் கோவிச்சுக்குவாரேம்மான்னு இழுக்கறான். டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போயிட்டாங்க.

மத்தியானம் பிரமு அந்தத் தட்டுலயே சோத்தைப் போட்டு, ரசத்தை ஊத்தி, புருசன் முன்னாடி வச்சா. ரசத்துல ரெண்டு எலிப் புழுக்கை மிதந்துச்சு.

"இதுலயா?"

"என் பிள்ளை இதுலதான் தின்னான்."

தூங்கிட்டியா? ம்.

ஆவுடையப்பன் எந்திரிச்சான். தட்டைத் தூக்கிக் குப்பையில போட்டான். பொரி மூட்டையெல்லாம் தகர டின்னுக்குள்ள போச்சு, வளைக்கு சிமெண்டு. பெருச்சாளி சட்டி பானையோட டவுன் பஸ் ஏறிருச்சு. கண்டக்டர் டிக்கெட் கிழிச்சதை நான் பார்த்தேன்.

ஜமீனுக்கு ஒன்பது நாள் டிரிப்ஸ். பிரமு பக்கத்தை விட்டு நகரல. பத்தாம் நாள் அவ பேர் சொல்லிக் கூப்பிட்டதும், வால் தரையில 'டப்'. ஒரே ஒரு தடவைதான். அவ அங்கேயே உக்காந்து அழுதுட்டா.

கதை ஆயிடுச்சு, கண்ணை மூடு. யாரு சொன்னான்னு கேட்டா என் பேரை மட்டும் எடுத்துராத. நாளைக்கும் உனக்குப் பொரி அவன் கடையிலதான் வாங்கணும்.