குளம்பு தட்டாத மான்

இலுப்பைக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த மானாவது முன்னங்குளம்பைத் தரையில் ஓங்கித் தட்டினால் போதும், ஏன் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. எல்லோரும் தண்ணீர் குடிக்கும் குளத்துக்கு மேற்கே உள்ள பாறை இடுக்கு வழியாக ஓடிவிட வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றால் சிறுத்தை சும்மா விடுமா? நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் தும்பை என்ற பெண் மானால் அதற்கே சோதனை வந்தது.

போன கோடையில் அந்தக் குளக்கரையில்தான் தும்பையின் அக்காவைச் சிறுத்தை அடித்தது. அன்றிலிருந்து குளத்தில் வாய் வைத்தாலே தும்பைக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். தொண்டை அடைக்கும், கால் நடுங்கும், இதோ செத்தோம் என்றே தோன்றும். பக்கத்தில் சிறுத்தையும் இருக்காது, அதன் வாடையும் இருக்காது. பாவம், அந்த நேரத்தில் அவளுக்கு அது தெரிந்தால்தானே! குளம்பைத் தட்டிவிடுவாள். கூட்டமும் குடித்தது பாதி, குடிக்காதது பாதி என்று பிய்த்துக்கொண்டு ஓடும்.

கோடை முற்றியது. மற்ற குட்டைகள் எல்லாம் காய்ந்துவிட்டன. குட்டிகள் தாகத்தில் தள்ளாடின. தும்பையின் குட்டியும்தான். கூட்டத்தின் தலைவன் கிளைக்கொம்பன் பொறுமை இழந்துவிட்டான். இன்னொரு முறை வீணாகத் தட்டினால் குட்டியை எங்களிடம் விட்டுவிட்டு நீ வேறு காடு பார்த்துக்கொள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

தும்பை ஒரு மரத்தடியில் போய் நின்று அழுதாள். மேலே அவளுடைய சிநேகிதி வாலாயி என்ற மந்தி தழை தின்றுகொண்டிருந்தாள். வாலாயிக்கு வால் எவ்வளவு நீளமோ வாயும் அவ்வளவு நீளம்.

"ஊரே தண்ணிக்குத் தவிக்குது, நீ என்னடி கண்ணுல வீணாக்குற?" என்று கேட்டபடி கீழே இறங்கி வந்தாள்.

தும்பை எல்லாவற்றையும் சொன்னாள். வாலாயி சிரிக்கவில்லை. ஒரு தடவை கிளை முறிந்து விழுந்த பிறகு, தாவ வேண்டும் என்று நினைத்தாலே தனக்கும் இப்படித்தான் வந்தது என்றாள். கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தபோதுதான் ஒன்று புரிந்ததாம். அந்தப் படபடப்பு வரும், உச்சிக்கு ஏறும், பிறகு தானாகவே இறங்கிவிடும். ஓடிவிட்டால் மட்டும், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் பலமாக வரும்.

"நெஞ்சு அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும் தும்பை. சிறுத்தை வருதா இல்லையான்னு சொல்றது மூக்கும் காதும். அதுங்களைக் கேளு."

அன்றிலிருந்து மரத்தடியில் பழக்கம் நடந்தது. இழுத்த மூச்சை வாய் வழியாக மெல்ல மெல்ல விட வேண்டும். நாலு குளம்பையும் மண்ணில் நன்றாக ஊன்ற வேண்டும். கண்ணில் படுவதை எல்லாம் பேர் சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் நாள் தும்பை மூச்சை விட மறந்து இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஏப்பம்தான் வந்தது. வாலாயி விழுந்து விழுந்து சிரித்தாள். தும்பைக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எத்தனையோ நாளுக்குப் பிறகு.

இதற்கிடையில், மான்கள் வீணாக ஓடுவதைப் பலமுறை பார்த்திருந்த ஒரு நரி சிறுத்தையிடம் போய்க் கும்பிடு போட்டது. ஐயா இனிமேல் ஓடிப் பிடிக்கவே வேண்டாம், பாறை இடுக்கில் உட்கார்ந்தால் போதும், பயந்த மான் ஒன்று மொத்தக் கூட்டத்தையும் உங்கள் வாய்க்கே அனுப்பி வைக்கும் என்றது. கூலியாக மிச்ச எலும்பைக் கேட்டது. சிறுத்தைக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் மான்கள் குளத்தில் இறங்கின. ஒற்றை நரிக்கு அவை பயப்படுவதில்லை. அதனால் நரி எதிர்க்கரையில் தைரியமாக வந்து நின்றது.

"என்ன தும்பை, முகமே சரியில்லையே? நெஞ்சு கிஞ்சு அடிக்குதா? உங்க அக்காவும் அன்னிக்கு இதே இடத்துலதான் நின்னா" என்றது. என்ன அக்கறை பாருங்கள்!

அவ்வளவுதான், தும்பைக்குப் பிடித்துக்கொண்டது. காது அடைத்தது. முன்னங்கால் தானாக மேலே எழும்பியது. அப்போதுதான் அவள் குட்டி தண்ணீரில் வாய் வைத்திருந்தது.

தும்பை காலைச் சத்தமில்லாமல் சேற்றில் இறக்கினாள். சேறு குளிர்ச்சியாக இருந்தது. மூச்சை மெல்ல விட்டாள். "இது சேறு. அது அல்லி இலை. அந்தா மீன்கொத்தி. இது என் குட்டி தண்ணி குடிக்கிற சத்தம்" என்று முணுமுணுத்தாள். படபடப்பு இன்னும் ஏறியது. செத்துவிடுவோம் என்று தோன்றியது. சாகவில்லை. அப்படியே நின்றாள். உச்சிக்கு ஏறிய படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது.

நரிக்கு வியர்த்துவிட்டது. "என்ன, ஓடலையா?" என்று கேட்டது.

"எதுக்கு ஓடணும்?" என்றாள் தும்பை.

மனம் தெளிந்ததும் மூக்கைக் கேட்டாள். மேற்கிலிருந்து வந்த காற்றில் ஒரு வாடை இருந்தது. அக்கா போன நாளில் அடித்த அதே வாடை. அது பாறை இடுக்கிலிருந்து வந்தது. இப்போது தட்டினால் கூட்டம் நேரே அங்கேதான் போய் விழும். தும்பை தட்டவில்லை. கிளைக்கொம்பனின் காதோரம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவனும் மோந்து பார்த்தான். உடனே கூட்டத்துக்குக் கிழக்குப் பக்கம் தலையை அசைத்துக் காட்டினான். வயிறு நிறையக் குடித்த மான்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சத்தம் போடாமல் கிழக்கே நடந்து போய்விட்டன.

சிறுத்தை பசியோடு காத்திருந்து காத்திருந்து பார்த்தது. சமாதானம் சொல்ல வந்தது நரிதான். அன்றைக்குக் காட்டில் தலைதெறிக்க ஓடியதும் நரி மட்டும்தான்.

கிளைக்கொம்பன் தும்பையிடம் வந்து, தெரியாமல் பேசிவிட்டேன் என்று கொம்பைத் தாழ்த்தினான். தும்பைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவள் குட்டி வந்து மடியில் முட்டி, "அம்மா, இன்னிக்கு வயிறு முட்டக் குடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நெஞ்சு படபடக்கும்போது ஓடாமல், மூச்சை மெல்ல விட்டு, நின்று கவனித்தால், வந்த பயம் தானாகவே இறங்கிப்போகும்.