பிடுங்காமல் விட்ட முள்

கொழுந்துமலை முள்ளம்பன்றிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் பிறகு தன் வளை யாருக்குப் போக வேண்டுமோ, அவருடைய முள் ஒன்றை வாசலில் ஊன்றி வைக்க வேண்டும். ஊன்றியவர் மட்டுமே அதைப் பிடுங்கலாம். அவர் கண்ணை மூடிவிட்டால் சிங்கமே வந்தாலும் தொடக்கூடாது!

சடைச்சியும் முனியனும் இளம் வயதில் சேர்ந்து ஒரு வளை தோண்டினார்கள். கல்யாணமான புதிதில் முனியன் சடைச்சியின் முள்ளை ஆசையாக ஊன்றினான். பிறகு என்ன? அவள் கிழங்கு கடிக்கும் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. அவன் குறட்டை அவளுக்கு ஆகவில்லை. உடும்பு நாட்டாமை முன்னால் தீர்த்துக்கொண்டு பிரிந்தார்கள். சடைச்சி ஒரு பாறை இடுக்குக்குப் போனாள். முனியன் பூவாத்தாளைக் கட்டிக்கொண்டான். இரண்டு குட்டிகளும் பிறந்தன.

வாசலில் இருந்த முள்ளை மட்டும் அவன் பிடுங்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும் நேரம் பார்த்து முனியன் செத்துப்போனான். உடும்பு நாட்டாமை சடைச்சிக்குச் சொல்லி அனுப்பினார்.

"முள்ளு உன்னோடது. வளையும் உன்னோடதுதான். வந்து எடுத்துக்க!"

சடைச்சி ஓடோடி வந்தாள். மழை வந்தால் அவள் பாறை இடுக்கில் வயிற்றளவு தண்ணீர் நிற்கும். ஆனால் பழைய வாசலின் மண்ணை முகர்ந்ததும் அவள் நெஞ்சு இளகிவிட்டது. இருவரும் மாறி மாறி மண் தள்ளிய நாட்கள்! களைத்துப்போய் ஒரே கிழங்கை ஆளுக்குப் பாதியாகத் தின்ற நாட்கள்! எவ்வளவு நல்ல காலம் அது!

"என்னை மறக்க முடியாமத்தான் முள்ளை விட்டு வெச்சிருக்கான்" என்று கண் கலங்கினாள்.

"மறக்க முடியாமலா?" பூவாத்தாள் சீறினாள். "பிடுங்கிப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! நாளைக்குப் பார்க்கலாம், அது என்ன சோறா கேக்குதுன்னாரு! இப்போ பிள்ளைங்களோட நான் எங்கே போவேன்?"

சடைச்சி உடும்பின் பக்கம் திரும்பினாள். "ஆசையில விட்டானா, சோம்பல்ல விட்டானா?"

"அவனைத்தான் கேக்கணும். அவன்தான் இல்லையே!" என்றார் உடும்பு.

மேகம் உறுமியது. சின்னக் குட்டி வளையிலிருந்து தலையை நீட்டியது.

"எங்களைத் துரத்தப் போறீங்களா, பெரியம்மா?"

சடைச்சி திகைத்துவிட்டாள். "பெரியம்மான்னு யார் சொல்லிக் கொடுத்தா?"

"அப்பாதான். இது பெரியம்மா தோண்டின வீடுன்னு சொல்வாரு."

சடைச்சிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இவ்வளவு பேசத் தெரிஞ்ச பாவிக்கு, ஒரு முள்ளைப் பிடுங்கக் கை வரலையா!"

குட்டிகளிடம் ஆளுக்கொரு முள் உருவி, அவளே வாசலில் ஊன்றினாள்.

"நாட்டாமை, பார்த்துக்கோங்க! வளை எனக்கு. எனக்கு அப்புறம் இதுங்களுக்கு. உயிரோட இருக்கும்போதே சொல்லிட்டேன்!"

பிறகு பூவாத்தாளைப் பார்த்தாள். "என்ன முழிக்கிறே? உள்ளே தள்ளிப் படு. மழை வருது."

உறவு மாறிய அன்றே, தன் உடைமை யாருக்கு என்பதையும் மாற்றிச் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால், அந்தச் சோம்பலுக்குப் பிள்ளைகள்தான் மழையில் நிற்க வேண்டியிருக்கும்.