உட்கார்ந்து திட்டுங்க சார்

கோவையில் கேம் சென்டர் நடத்தும் தண்டபாணியின் புது மானிட்டர் திடீர் திடீரென்று இருண்டு, சில நொடிகளில் மீண்டது.

"கேபிளை ஒழுங்கா மாட்டத் தெரியல உனக்கு. இன்னிக்குச் சரியாகலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று ஊழியர் ரெஜினாவிடம் எழுந்து நின்று கத்தினார். திரை இருண்டது. அலுத்துப்போய் உட்கார்ந்தார்.

ரெஜினா அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை திட்டுங்க சார்."

"என்ன திமிரு உனக்கு?" என்று துள்ளி எழுந்தார். திரை மறுபடி இருண்டது.

"கேபிள் காலையிலயே மாத்தியாச்சுங்க. நீங்க எழுந்திரிக்கிறப்ப இந்த நாற்காலியில உராய்ஞ்சு மின்சாரம் உண்டாகுது, அதுதான் படத்தை அணைக்குது. உக்காந்தே திட்டினா அணையாதுங்க சார்."

விளையாட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்டபாணி மெல்ல உட்கார்ந்து வாயைத் திறந்தார். உட்கார்ந்தபடி திட்டி அவருக்குப் பழக்கமில்லை.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துரு" என்றார்.